பாரடைஸ் லாஸ்டின் புது ஆல்பம்: அழுததையே திரும்ப அழுதால் என்ன?

20 செப்டம்பர் 2025, சனி, இரவு 9.10 (கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணா, நேற்று இங்கிலாந்து மெட்டல் பேண்டு பாரடைஸ் லாஸ்டின் 'அசென்ஷன்' ஆல்பம் வந்துவிட்டது. ரெண்டு தடவை முழுசாகக் கேட்டுட்டேன். எனக்குப் புதுசாக ஒன்றும் தெரியலைங்க. அதே மெதுவான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), அதே அழுகிற லீட் கிட்டார், அதே சாவு, அதே கல்லறை. 1995-இல் வந்த 'டிராகோனியன் டைம்ஸ்' கையில் இருக்கும்போது இதை எதற்குக் கேட்கணும்? 1988-இல் ஆரம்பித்த பேண்டு, இது பதினேழாவது ஆல்பம். சொன்னதையே சொல்ல எதற்குங்க இன்னொன்று? நீங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து இவர்களைக் கேட்கிறவர், அதனால்தான் கேட்கிறேன்.

20 செப்டம்பர், இரவு 11.45

நான் ஒரு தடவைதான் கேட்டேன். அதுவும் தறிப்பட்டறைக் கணக்கு எழுதிக்கொண்டே. நீங்கள் சொல்வதில் பாதி சரி என்றுதான் இந்த நிமிடம் தோன்றுகிறது. காலையில் மேட்டூர் போக வேண்டும். பஸ்ஸில் ஒழுங்காகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

21 செப்டம்பர், மகாளய அமாவாசை, மாலை

மேட்டூரில் தர்ப்பணம் முடித்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். காவிரிக் கரையில் நிற்க இடமில்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று ஆல்பத்தை முழுசாகக் கேட்டாயிற்று.

நேற்று பாதி சரி என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். அதே இசைதான், மறுக்கவில்லை. ஆனால் அது குறை என்று நீங்கள் எடுத்துக்கொண்ட இடம்தான் தவறு.

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்தான் முதலில் போய் உட்கார்ந்து ஒப்பாரியை எடுப்பார். மற்றப் பெண்கள் வட்டமாகச் சேர்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டு பின்னாலேயே பாடுவார்கள். மெட்டு ஒன்றேதான். பல வரிகளும் அப்படியே வரும். செத்தவர் பெயர், உறவு, செய்த தொழில், விட்டுப்போன பிள்ளைகள் இவை மட்டும் மாறும். சின்ன வயதில் நான் திண்ணை ஓரம் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போன மாதம் மேலத்தெருச் சாவுக்குப் பாடியதையே இங்கேயும் பாடுகிறாயே என்று அந்தப் பாட்டியிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த ஆளை அடித்தே துரத்தியிருப்பார்கள்.

பாரடைஸ் லாஸ்டை நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஆரன் ஏடியின் ரிதம் கிட்டார், சாவு வீட்டு வாசலில் விட்டு விட்டு அடிக்கும் பறை. கிரெகர் மெக்கின்டாஷின் லீட்தான் அந்தப் பாட்டி. அடியில் கனமாக ஒன்று நகர்ந்துகொண்டே இருக்க, மேலே ஒற்றைக் குரல் ஏறி, உச்சியில் நின்று, நடுங்கிக்கொண்டே இறங்கும். 1991-இல் 'காத்திக்' ஆல்பத்தில் இந்த ஏற்பாட்டைப் பிடித்தார்கள். டூம் மெட்டல் என்ற மெதுவான வகையின் கனத்தோடு பெண் குரல், ஆர்க்கெஸ்ட்ரா, தொண்டையிலிருந்து வரும் உறுமல் எல்லாம் ஒரே பாட்டில். பிறகு அந்த ஆல்பத்தின் பெயரே ஒரு இசை வகைக்குப் பெயராகிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர்களே அதைத் திரும்பச் செய்யும்போது 'நகல்' என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் பாடகர் நிக் ஹோம்ஸின் குரல். ஆரம்பத்தில் முழு உறுமல். 'ஐகான்', 'டிராகோனியன் டைம்ஸ்' காலத்தில் கரகரப்போடு பாட்டு. பிறகு பல வருடம் உறுமலே கிடையாது. 2017-இல் 'மெடூசா'வில்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது இரண்டும் ஒரே பாட்டுக்குள் வருகிறது. முதல் பாட்டு 'சர்ப்பென்ட் ஆன் தி கிராஸ்' கேளுங்கள். ஐம்பதைத் தாண்டியவரின் உறுமல் அது. இருபது வயதில் உறுமியது கோபம், அது வேறு.

22 செப்டம்பர், காலை

ஒரு திருத்தம். உறுமல் திரும்பி வந்தது 'மெடூசா'வில் இல்லை. அதற்கு முந்தைய 'தி பிளேக் விதின்', 2015. 2014-இல் ஹோம்ஸ் பிளட்பாத் என்ற டெத் மெட்டல் பேண்டில் பாடப் போனார், அடுத்த வருடமே இங்கேயும் உறுமல் வந்துவிட்டது. 'மெடூசா' அதைவிட மெதுவானது, சேறு மாதிரி நகரும். அதனால் மனதில் இடம் மாறிவிட்டது.

22 செப்டம்பர், மதியம்

தம்பி கேட்கிறார்: "ஒப்பாரிக்கு ஒரு சாவு இருக்குங்கண்ணா. இந்த ஆல்பத்துக்கு யார் செத்தாங்க?"

நல்ல கேள்வி. சட்டென்று பதில் வரவில்லை. யோசிக்கிறேன்.

24 செப்டம்பர், இரவு

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அதற்குள் வேறொன்று தோன்றியது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மெக்கின்டாஷின் லீட் நமக்கு ஏன் இவ்வளவு பழகியதாக இருக்கிறது? மெட்டல் கேட்காத எங்கள் அம்மாகூட அந்த இடம் வந்தால் கை வேலையை நிறுத்திவிடுவார். அது முகாரிதான் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். நம் ஊரில் சோகம் என்றால் முகாரி என்று சொல்கிறோம் அல்லவா, அதே சாயல். வேகமான கிட்டார் சோலோக்களில் ஸ்வரங்கள் கொட்டும். இவர் கொட்டுவதில்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, கம்பியை வளைத்து, அது அழுகிறவரை விடுவதில்லை. கமகம் என்றே சொல்லலாம்.

27 செப்டம்பர், சனி, ஏற்காட்டிலிருந்து

நண்பனின் காப்பித் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு வந்தேன். இந்த ஆல்பத்தை மலையில் கேட்காமல் ஒரு முடிவுக்கு வருவது சரியில்லை என்று தோன்றியது.

அடிவாரம் வரை வெயில். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் இருபது. முதல் சில வளைவுகளில் 'சர்ப்பென்ட் ஆன் தி கிராஸ்', 'டைரண்ட்ஸ் செரனேட்' போயின. பாதி மலை ஏறியதும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. டிரைவர் லைட்டைப் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் பஸ் முக்கி, கிட்டத்தட்ட நின்று, பிறகு பின் சக்கரம் மெதுவாகச் சுற்றி வரும். 'சைலன்ஸ் லைக் தி கிரேவ்' அந்த நேரத்தில் வந்தது. இதுதான் ஆல்பத்திலிருந்து முதலில் வெளியிட்ட பாட்டு, அதனால் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஆனால் சேலத்தில் கேட்டபோது அதன் நடுவில் உள்ள அந்த இழுவை எனக்குப் பிடிபடவில்லை. மலை பஸ் வளைவில் திரும்பும்போதுதான் பிடிபட்டது. இந்த இசைக்கு மெதுவாகப் போவது நோக்கம் இல்லை. கனமான ஒன்றை மேலே ஏற்றும்போது வேறு வேகம் வராது, அவ்வளவுதான்.

இந்த நண்பன் வீட்டில்தான் நான் இவர்களை முதலில் கேட்டேன். 1996, எனக்குப் பதினேழு வயது. அவனுடைய அண்ணன் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே யாரிடமோ வாங்கி ஒரு தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து கொண்டுவந்தார். ஒரு பக்கம் 'ஐகான்', மறுபக்கம் 'டிராகோனியன் டைம்ஸ்'. பேரும் பாட்டு வரிசையும் நீல பால்பாயிண்டில் எழுதியிருந்தன. ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், ஆனால் 'டிராகோனியன் டைம்ஸ்' அதைவிட மூன்று நான்கு நிமிடம் அதிகம். அதனால் கடைசிப் பாட்டு 'ஜேடட்' ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே டக் என்று பட்டன் மேலே எழும்பி நின்றுவிடும். அது பாதியில் அறுந்தது என்று எனக்குத் தெரியாது. அதுதான் முடிவு என்றே நினைத்தேன். குரல் வந்து, ஒரு சுற்று பாடி, சட்டென்று இல்லாமல் போவது எவ்வளவு துணிச்சலான முடிவு என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பிரவுசிங் சென்டரில் முழுப் பாட்டையும் கேட்டபோது, செத்துப்போனவர் எழுந்து வந்து மிச்சப் பேச்சைப் பேசியது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கேசட் இன்னும் இங்கேதான் இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தோம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்துவிட்டது. மலைக் குளிரில் நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை. நண்பன் ஒரு பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தான். சுற்றுகிறது.

மதியத்துக்கு மேல் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். குனிந்துதான் உள்ளே போக முடியும், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்து புல்வெளியில் உட்கார்ந்து 'லே எ ரீத் அபான் தி வேர்ல்ட்' போட்டேன். உலகத்தின் மேல் ஒரு மலர்வளையம் வை என்று தலைப்பு. மெல்லிய கிட்டாரில் ஆரம்பிக்கிறது. நண்பன் மெட்டலை விட்டுப் பல வருடம் ஆகிறது. பாட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், "இவங்களுக்கும் வயசாயிருச்சு, இல்ல?" என்றான். குறையாகச் சொல்லவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

குப்பனூர் வழியாக இறங்கி வந்தேன். தம்பி, நேற்று எழுதியது நீளமாகிவிட்டது. ஆனால் உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது, மறக்கவில்லை.

29 செப்டம்பர்

முகாரி விஷயத்தில் நான் எழுதியது தவறு. பாதித் தவறு என்று சொல்லலாம்.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவரிடம் போனேன். லீட் வரி ஒன்றை முனகிக் காட்டினேன். அவர் வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு துப்பிவிட்டு வந்து தானே ஒரு தடவை முனகினார். "இது முகாரி இல்ல தம்பி. நடபைரவி ஸ்வரம்" என்றார்.

அவர் விளக்கியது இது. வெள்ளைக்காரர்கள் மைனர் என்று சொல்வதன் ஸ்வரங்கள் நம் நடபைரவி, இருபதாவது மேளம், அதாவது தாய் ராகம். முகாரி இருபத்திரண்டாவது மேளமான கரகரப்பிரியாவின் பிள்ளை. முகாரி ஏறும்போது ச ரி ம ப நி த ச என்று வளைந்து, காந்தாரத்தை (க) விட்டு, சதுஸ்ருதி தைவதத்தோடு (உயர்ந்த 'த') ஏறும். அந்த ஏற்றம் கிட்டாரில் இல்லை. ஆனால் இறங்கும்போது முகாரி சுத்த தைவதத்துக்கு (தாழ்ந்த 'த') மாறிவிடும். ச நி த ப ம க ரி ச. எழுதிப் பார்த்தால் இது நடபைரவியின் இறக்கமேதான். ஏறுகிற வழி வேறு, இறங்குகிற வழி ஒன்று.

இதைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெக்கின்டாஷின் லீடில் என்னைப் பிடித்து இழுப்பது எப்போதும் இறக்கம்தான். அந்தப் பாட்டியின் ஒப்பாரியிலும் அழுகை இறக்கத்தில்தான் இருக்கும். மேலே போனது மூச்சு வாங்க. இருபத்தொன்பது வருடமாக முகாரி என்று எனக்குக் கேட்டது அந்த இறங்கும் பாதி.

ஸ்வரம் ஒன்றானாலும் ராகம் ஒன்றாகிவிடாது என்றும் பெரியவர் எச்சரித்தார். பிடிப்பும் அசைவும் வேறு. அதையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளை யாராவது இதை வைத்து இந்த இங்கிலாந்து யார்க்ஷயர்க்காரர்கள் முகாரி வாசிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்து அனுப்பியாயிற்று. வருடத்தில் இன்றைக்குத்தான் பட்டறை இவ்வளவு அமைதியாக இருக்கும். விசைத்தறிகளின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அதனால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவோம்.

இந்தப் பேண்டு ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர்கள். இங்கிலாந்தில் மேற்கு யார்க்ஷயர். சேலத்துக்காரனாக அந்த ஊரைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பாதி ஊர் தெரிந்தது. 1779-இல் அங்கே பீஸ் ஹால் என்று ஒரு பெரிய துணிச்சந்தை கட்டினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள். வீட்டில் கைத்தறியில் கம்பளித் துணி நெய்தவர்கள், நெய்த 'பீஸை' எடுத்துக்கொண்டு வந்து விற்ற இடம். பிறகு மில்கள் வந்தன, கைத்தறி போயிற்று. அப்புறம் மில்களும் போயின. டீன் கிளஃப் என்ற பிரம்மாண்டமான கார்ப்பெட் ஆலை, உலகத்தின் பெரிய கார்ப்பெட் ஆலைகளில் ஒன்று, 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அப்போது இந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். மூடிய மில்லுக்கும் மெதுவான ரிஃப்புக்கும் நேர்க் கோடு போட நான் வரவில்லை. ஆனால் சத்தம் நின்றுபோன பட்டறையில் நின்று பார்த்தவனுக்கு அந்த இசை புரியும்.

இந்த வகை இசையின் மூலமே ஒரு ஆலைதான். பர்மிங்ஹாமில், பிளாக் சப்பாத் பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் தகடு வெட்டும் மெஷினில் வலது கை இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைக்காரர், வலது கை விரல்தான் கம்பியை அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார். பிறகு, அழுத்த வலிக்காமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கிற்று, சத்தம் கனமாயிற்று. டூம் மெட்டலின் தலைமுறைகள் எல்லாம் அந்தத் தளர்ந்த கம்பியிலிருந்து வந்தவை. என் சித்தப்பாவுக்கும் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சுட்டுவிரல் நுனி போயிற்று. முதலாளி ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார். சித்தப்பா அதற்கப்புறம் இடது கையால் சோறு சாப்பிடப் பழகினார். அயோமியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வரும்.

வேகம் பற்றி ஒன்று. அப்பா குழித்தறியில் நெய்தவர். மிதி, நூலைக் கொண்டு தறி நாடா போகும், அச்சு அடிக்கும், மறுபடி மிதி. நான் பிறந்ததிலிருந்து கேட்ட தாளம் அது. விசைத்தறி அதைப்போலப் பல மடங்கு வேகம். பதினேழு வயதில் இந்தக் கேசட்டைக் கேட்டபோது வேறு நாட்டு இசை என்றே தோன்றவில்லை. அப்பாவின் தறி வேகத்தில் யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள் என்று தோன்றியது.

3 அக்டோபர்

தம்பி 'ஹோஸ்ட்' பற்றிக் கேட்டிருக்கிறார். "ஒப்பாரி மாறக்கூடாதுன்னா, 1999-இல் கிட்டாரை ஒதுக்கிவைத்துவிட்டு எலெக்ட்ரானிக் ஆல்பம் போட்டார்களே, அது தப்பாங்கண்ணா?"

இல்லை. தப்பு என்னுடையது. எனக்கு அப்போது இருபது வயது. 'ஹோஸ்ட்' கேசட்டைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரியே அதன் மேல் வேறு பாட்டைப் பதிந்து அழித்தேன். துரோகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டேன். சின்தசைசர்களுக்கு அடியில் அதே ஆள்தான் அழுதுகொண்டிருக்கிறார். கருவி மாறியதால் எனக்குக் கேட்கவில்லை. அவர்களும் அதைக் கைவிடவில்லை. ஹோம்ஸும் மெக்கின்டாஷும் 'ஹோஸ்ட்' என்ற பெயரிலேயே தனியாக ஒரு திட்டம் தொடங்கி, 2023-இல் ஆல்பம் போட்டார்கள்.

அதே வருடம் 'ஐகா'னை முப்பது வருடம் கழித்துத் திரும்ப ஒலிப்பதிவும் செய்தார்கள். ஒரே வருடத்தில் மிகப் பழையதையும், அன்று ரசிகர்கள் ஏற்காததையும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புது ஆல்பத்துக்கு முந்தைய வேலை அது. 'அசென்ஷ'னில் உங்களுக்குப் பழைய வாசனை அடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், அவ்வளவு நெருக்கத்தில் தங்கள் பழைய பாட்டை உட்கார்ந்து வாசித்தவர்கள்.

5 அக்டோபர், ஞாயிறு, நள்ளிரவு

யார் செத்தது என்று கேட்டீர்கள். 21-ஆம் தேதி எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இன்று சொல்கிறேன்.

இவர்களுடைய முந்தைய ஆல்பம் 'அப்சிடியன்', 2020 மே 15. ஊரடங்கு. பட்டறை நின்று கிடந்தது. மாடியில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அப்பா போய்விட்டார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. ஆனால் அந்த நேரத்தில் எந்தச் சாவும் ஒரே மாதிரிதான் நடந்தது. இருபது பேருக்கு மேல் வரக்கூடாது. தெரு முனையில் கம்பு கட்டி அடைத்திருந்தார்கள். பறை இல்லை. ஒப்பாரி எடுக்கும் பாட்டி நான்கு வீடு தள்ளித்தான் இருந்தார். அவருக்கு எண்பதுக்கு மேல் வயது, வீட்டில் வெளியே விடவில்லை. அவர் வாசல்படியில் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கொண்டுபோய் எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிட்டோம். ஐம்பது வருடம் தறி மிதித்தவர். அம்மா அழவே இல்லை. மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி மாடியில் 'அப்சிடிய'னின் முதல் பாட்டு 'டார்க்கர் தாட்ஸ்' போட்டேன். மெல்லிய கிட்டார், மெல்லிய குரல், பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கும். அப்போதுதான் அழுதேன். எங்கள் அப்பாவுக்கு எடுத்த ஒப்பாரி ஹாலிஃபாக்ஸ்காரர்கள் எடுத்ததுதான்.

அதற்கப்புறம் அந்த ஆல்பத்தை என்னால் இசையாகக் கேட்க முடியவில்லை. போட்டாலே அந்த மாடி வந்துவிடும். ஐந்து வருடம் அவர்களிடமிருந்து புது ஆல்பம் இல்லை. இந்த 'அசென்ஷன்' வந்த மறுநாளுக்கு மறுநாள் மகாளய அமாவாசை. காவிரியில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, ஈர வேட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். அதே கிட்டார்தான், அதே இறக்கம்தான். ஆனால் இதில் எங்கள் அப்பா இல்லை.

எதற்கு இன்னொரு ஆல்பம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான், தம்பி. வேறு பதில் என்னிடம் இல்லை.

6 அக்டோபர்

நிறையப் பேர் தங்கள் வீட்டுச் சாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

8 அக்டோபர்

அட்டைப்படம் பற்றி யாருமே பேசவில்லையே. அது ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் வரைந்தது, 'மரணத்தின் அவை'. நடுவில் சிறகுகளோடு மரணம் ஒரு தாயைப் போல உட்கார்ந்திருக்கிறது. வீரன் வாளைக் கொண்டுவந்து வைக்கிறான். பிரபு தன் கிரீடத்தைக் கழற்றி வைக்கிறார். மரணத்தின் மடியில் ஒரு பச்சைக் குழந்தை. போனில் சின்னதாகப் பார்த்தால் குழந்தை தெரியாது, பெரிதாக்கிப் பாருங்கள். நாதியற்ற ஏழைகளைப் புதைக்கும் மயானத்தின் சிற்றாலயத்துக்கு என்று நினைத்துத்தான் அவர் இதைத் தொடங்கினார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு அட்டைப்படமே ஆல்பத்தின் பதினோராவது பாட்டாகிவிட்டது.

12 அக்டோபர், ஞாயிறு

மற்ற பேண்டுகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பீஸ்வில் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்திலிருந்து தொண்ணூறுகளில் ஒன்றாகக் கிளம்பிய மூவர் பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைட், அனாதிமா. அனாதிமா 2020-இல் நின்றுவிட்டது. மை டையிங் பிரைட் 2024-இல் 'எ மார்ட்டல் பைண்டிங்' போட்டது, வயலினுக்காகவே கேட்கலாம். பாரடைஸ் லாஸ்டில் டிரம்மர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஹோம்ஸ், மெக்கின்டாஷ், ஏடி, பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் எட்மண்ட்சன் நால்வரும் 1988-இலிருந்து அப்படியே இருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு கூட்டுக் கடைகூட இத்தனை வருடம் நாலு பங்காளிகளோடு நின்று நான் பார்த்ததில்லை.

ஊரடங்கில் இவர்கள் 'தி மில்' என்ற இடத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் வாசித்ததை 2021-இல் 'அட் தி மில்' என்று வெளியிட்டார்கள். பாட்டு முடிந்தால் கைதட்டல் வராது. ஆயுத பூஜையன்று எழுதும்போது இதைச் சேர்த்திருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

13 அக்டோபர்

இன்று காலை நடந்தது. மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் இல்லை, தறிகள் நின்றன. அம்மா வழக்கம்போல ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் அதை விடமாட்டார். நான் போனில் 'லே எ ரீத்' போட்டேன், இயர்போன் இல்லாமல். லீட் வந்தது. ராட்டை நின்றது. பாட்டு முடியும்வரை நூலை விரலில் பிடித்தபடியே இருந்தார். அப்புறம், "இவன் நல்லா அழுவறான்டா" என்றார். "அன்னைக்கு இப்படி ஒருத்தி இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார்.

18 அக்டோபர், சனி

தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, மறுபடி கேட்டேன். டைரண்ட்ஸ் செரனேட் எனக்கு இன்னமும் பழசாகத்தான் தெரியுது. கடைசிப் பாட்டு தி பிரெசிபிஸ் மட்டும் விட மாட்டேங்குது. ஏற்காட்டில் இருக்கும் அந்தக் கேசட்டை ஒரு தடவை பார்க்கணுங்க."

'டைரண்ட்ஸ் செரனேட்' விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், அது 'டிராகோனியன் டைம்ஸ்' வீட்டுப் பிள்ளைதான், மறைக்க முடியாது. கேசட்டை நண்பன் கீழே கொடுத்தனுப்பிவிட்டான். பஞ்சுத்துண்டு புதுசு ஒட்டியாயிற்று. இன்னொரு பழைய கேசட்டிலிருந்து எடுத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர் தன் பழைய டெக்கை இரவல் தருகிறேன் என்றிருக்கிறார்.

தீபாவளி முடிந்து அடுத்த ஞாயிறு வாருங்கள். அம்மாபேட்டையில் இறங்கிப் போன் பண்ணினால் நான் வந்து கூட்டிப்போகிறேன். 'ஜேடட்' அறுந்துபோகும் இடத்தை உங்களுக்குக் கேட்கவைக்க வேண்டும்.